தண்ணீர் போக வழி விடுங்கள்



பெங்களூருக்குள் பெரிய ஆறே இல்லை, இங்கே வெள்ளச் சமவெளி எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். ஆறு செய்யவேண்டிய வேலையை இந்த ஊரில் ராஜகாலுவே, அதாவது மழைநீர் ஓடும் பெரிய கால்வாய், செய்கிறது. நம்முடைய அல்சூர் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் அதன் கரையில் வள்ளுவர் சிலை திறந்தார்களே, அந்த ஏரிதான். அது நிரம்பினால், மிஞ்சிய தண்ணீர் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் இறங்கி பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. பிறகு வர்த்தூர் ஏரி, அதன் பிறகு தென்பெண்ணை. ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் தாண்டி கடலூரில் கடலைச் சேர்கிறது. நம்மில் எத்தனையோ பேருக்கு அந்தக் கரைகளில் சொந்தபந்தம் இருக்கிறது!

இந்த வழியில்தான் கட்டடம் கட்டுகிறார்கள். தாழ்ந்த நிலத்தில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டுகிறார்கள், மேடாக்குகிறார்கள், காலுவேயைச் சுருக்கி மேலே சிலாப் போட்டு மூடுகிறார்கள். அவர்கள் மேடாக்கிய இடத்தில் தண்ணீர் நிற்காது, உண்மைதான். அது பக்கத்தில் இருக்கும் பழைய வீட்டுக்குள் போகும். ஐம்பது வருஷமாக நனையாத அடுப்படி நனையும். 2022 செப்டம்பரில் ஒரே இரவில் 130 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது ஏமலூரில் கோடிக்கணக்கில் விலைபோன வீடுகளிலிருந்தே டிராக்டர் வைத்து ஆட்களை மீட்டார்கள். அந்த வீடுகளில் வேலை செய்தவர்களின் குடிசைகள் என்ன ஆயின என்று எத்தனை கேமராக்கள் போய்ப் பார்த்தன?

சட்டம் இல்லையா? இருக்கிறது. ஏரியிலிருந்து 75 மீட்டர் விடவேண்டும் என்று 2016இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பழைய பெருந்திட்டத்தின் அளவே திரும்ப வந்தது: ஏரிக்கு 30 மீட்டர், காலுவேக்கு அதன் வகையைப் பொறுத்து நடுவிலிருந்து 50, 25, 15 மீட்டர். அதையாவது அளந்து காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நாம் கேட்பது புல்டோசர் அல்ல, அதை உரக்கச் சொல்கிறேன். 2016 ஆகஸ்டில் அவனி சிருங்கேரி நகரில் காலுவே ஆக்கிரமிப்பு என்று வீடுகளை இடித்தார்கள். அனுமதிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தம் வீடு விழுவதைத் தெருவில் நின்று பார்த்தவர்கள் உண்டு. பத்திரப் பதிவு, வரி, பேங்க் கடன் எல்லாம் ஆன பிறகு வாங்கியவனிடம் வந்து, இது காலுவே என்பது என்ன நியாயம்? வானம் தோண்டுவதற்கு முன்னால் சொல்லவேண்டிய விஷயம் அல்லவா அது!

ஆகவே நம் கோரிக்கை இதுதான். பழைய கிராம வரைபடத்தில் காலுவே எந்த சர்வே நம்பரில் ஓடுகிறது என்று வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். பள்ளத்தில் கட்ட அனுமதி கேட்டு மனு வந்தால், கையெழுத்துப் போடும் முன் அக்கம்பக்கத்துக்காரர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். போட்ட அதிகாரியின் பெயரும் பலகையில் இருக்கட்டும்.

மேடைக்கு வலப்புறம் மேசையில் மனு இருக்கிறது. கையெழுத்தோடு இன்னொன்றும் தாருங்கள்: போன மழையில் உங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று எழுதுங்கள். போட்டோ இருந்தால் அதையும் இணையுங்கள்.