‘மோர் தர்ஸ்டியர்’னு சொன்னா ஏன் சிரிக்கிறாங்க?

இன்னைக்கு ஒரே ஒரு ஆங்கில வார்த்தையைப் பத்திதான் பேசப் போறோம்: தர்ஸ்டியர்.

முதல்ல என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதுசு. விவசாயிகளுக்கான ஒரு ஆப் பத்தி மீட்டிங். நான் எழுந்து, “பேடி இஸ் மோர் தர்ஸ்டியர் தேன் மில்லெட்ஸ்”னு சொன்னேன். கம்பு, கேழ்வரகை விட நெல்லுக்குத் தண்ணி அதிகம் வேணும்னு அர்த்தம். விஷயம் சரிதான். ஆனா ஒருத்தர் சிரிச்சாரு. இன்னொருத்தர் “டபுள் தாகமா?”ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் அந்த மீட்டிங்ல நான் வாயே திறக்கல. சொல்ல வேண்டிய ரெண்டு பாயிண்ட் நோட்டுலயே தங்கிப் போச்சு.

சரி, தப்பு எங்க? ‘தர்ஸ்டி’ன்னா தாகமா இருக்குற. கடைசியில இருக்கிற ‘ஒய்’ எழுத்தை ‘ஐ’ ஆக்கி, ‘இ, ஆர்’ சேர்த்தா ‘தர்ஸ்டியர்’. ‘இன்னும் அதிக தாகமா’ங்கிற அர்த்தம் அதுக்குள்ளயே வந்துடுச்சு. மறுபடி முன்னாடி ‘மோர்’ போட்டா, ஒரே டிக்கெட்டை ரெண்டு தடவை எடுத்த மாதிரி. ஹேப்பியர், ஹங்ரியர், ஈஸியர் எல்லாத்துக்கும் இதே கணக்குதான்.

நாம ஏன் இந்தத் தப்பைப் பண்றோம்? தமிழ்ல ஒப்பிடும்போது வார்த்தை மாறவே மாறாது. “உன்னை விட எனக்கு இன்னும் தாகமா இருக்கு”ன்னு சொல்றோம். ‘விட’, ‘இன்னும்’ ரெண்டும் வெளியில நின்னு வேலையை முடிச்சிடும். அந்த ‘இன்னும்’தான் ஆங்கிலத்துல ‘மோர்’ ஆகி வந்து ஒட்டிக்குது. இது முட்டாள்தனம் இல்ல, தாய்மொழிப் பழக்கம். ஷேக்ஸ்பியர் நாடகங்கள்லயே இப்படி இரட்டிப்பா சொல்ற இடங்கள் உண்டு. அந்தக் காலத்துல அது தப்பில்ல, இன்னைக்குத் தப்பு. அவ்வளவுதான்.

‘மோர் தர்ஸ்டி’ன்னு சொல்லலாமான்னு கேட்டா, சொல்லலாம். ‘தர்ஸ்டியர்’தான் அதிகம் புழங்குது. ஆனா பசியை விடத் தாகம்தான் ஜாஸ்தின்னு ஒரே ஆளோட ரெண்டு நிலைமையை ஒப்பிட்டா, “ஐ ஆம் மோர் தர்ஸ்டி தேன் ஹங்க்ரி”தான் சரி. அங்க ‘தர்ஸ்டியர்’ வராது.

தாகம் மனுஷனுக்கு மட்டும்தானா? இல்ல. தண்ணி அதிகம் கேக்குற கரும்பும் தர்ஸ்டியர், மைலேஜ் கொடுக்காத காரும் தர்ஸ்டியர். நாமளே “வண்டி பெட்ரோல் குடிக்குது”ன்னு சொல்றோமே! ஒரு விஷயத்துல மட்டும் உஷார். சோஷியல் மீடியாவுல ‘தர்ஸ்டி’ன்னா, லைக்குக்காகவும் கவனத்துக்காகவும் அலையுற ஆள்னு ஒரு கிண்டல் அர்த்தம் இருக்கு. கமெண்ட்ல போடும்போது யோசிச்சுப் போடுங்க.

‘தர்ஸ்ட்’டும் சமஸ்கிருத ‘திருஷ்ணா’வும் ஒரே வேர்ல இருந்து வந்தவை. அந்த வேருக்கு ‘காய்ந்து போறது’ன்னு பொருள். “தொண்டை காஞ்சு போச்சு”ன்னு நாம சொல்றதும் அதே உணர்வுதானே?

உடம்புக்குள்ள நடக்குறதும் கிட்டத்தட்ட இதேதான். ரத்தத்துல தண்ணி குறைஞ்சு உப்போட அடர்த்தி கூடும்போது, மூளையில ஹைப்போதலாமஸ் பகுதி அதைக் கண்டுபிடிச்சு தாகத்தைக் கிளப்புது. கடல் தண்ணி குடிச்சா தாகம் அடங்காததும் இதனாலதான். அந்த உப்பை வெளியேத்தவே, குடிச்சதை விட அதிகத் தண்ணியை உடம்பு செலவு பண்ணணும். ஆங்கிலத்துல அழகா சொல்வாங்க: “த மோர் யூ டிரிங்க், த தர்ஸ்டியர் யூ கெட்.” குடிக்கக் குடிக்க தாகம் கூடும். இங்க ‘மோர்’ இருக்கேன்னு பாக்குறீங்களா? அது ‘டிரிங்க்’குக்குப் போகுது, ‘தர்ஸ்டியர்’க்கு இல்ல.

கடைசியா ஒண்ணு. ஒரு வெயில் காலத்துல எங்க பாட்டி கிட்ட தண்ணி நீட்டினா, “எனக்குத் தாகமே இல்ல கண்ணு”ன்னுதான் சொல்வாங்க. நாங்களும் விட்டுட்டோம். ஒரு நாள் மயங்கி விழுந்து, டிரிப்ஸ் ஏத்தி எழுப்ப வேண்டியதாப் போச்சு. வயசாக ஆகத் தாக உணர்வு மங்கிடும்னு அன்னைக்கு டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது. வீட்டுலயே அதிகம் தண்ணி தேவைப்பட்டது அவங்களுக்கு, ஆனா தாகம் அதிகமா இருந்தது எங்களுக்கு.

அதனால ‘தர்ஸ்டியர்’ங்கிறது யாருக்குத் தாகம் தெரியுதுன்னு சொல்ற வார்த்தை. யாருக்குத் தண்ணி வேணும்னு அது சொல்லாது. இந்த எபிசோட் முடிஞ்சதும் வீட்டுப் பெரியவங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க. அப்புறம், மீட்டிங்ல யாராவது ‘மோர் தர்ஸ்டியர்’னு சொன்னா சிரிக்காதீங்க. அவங்க நோட்டுல இன்னும் ரெண்டு பாயிண்ட் இருக்கும்.

அடுத்த வாரம் பார்க்கலாம். வரட்டா?