மூன்று நட்டுகள், நான்கு போல்ட்டுகள்

வழமையாக உங்களோடு வருமான வரிக் கணக்குப் பற்றிப் பேசுகிறவன், இந்த மாதம் காருக்குக் கீழே படுத்தெழும்பிய கதையோடு வந்திருக்கிறேன்.

என் மூத்த மகன் தன் பழைய காரை மொஸ்போட் ஓடுதளத்துக்குக் கொண்டுபோய் ஓடப் பழகவேண்டும் என்று நின்றான். 1961இல் திறந்த ஓடுதளம். 2012இல் பெயர் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் மொஸ்போட்தான். அதற்காக அவன் வாங்கிவந்தது கம்பர் பிளேற். கம்பர் என்றதும் இராமாயணம் பாடியவரை நினைத்துவிடாதீர்கள், நான் அப்படித்தான் நினைத்தேன்.

முன்பக்கம் நின்று பார்த்தால் சில்லு உள்ளே சரிந்திருக்கிறதா, வெளியே சரிந்திருக்கிறதா என்கிற சரிவுக்குத்தான் கம்பர் என்று பெயர். வேகமாகத் திரும்பும்போது கார் ஒருபக்கம் சாயும், வெளிப்பக்க ரயர் தன் ஓரத்தில் ஏறி நிற்கும். முன்கூட்டியே சில்லின் தலையை உள்ளே சரித்து வைத்தால் அந்த நேரத்தில் ரயர் முழுதாகத் தரையைப் பிடிக்கும். பொனற்றைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஸ்ரட்டின் தலை தெரியும். அதைப் பிடித்திருக்கிற றப்பர் துண்டைக் கழற்றிவிட்டு, நகர்த்தக்கூடிய இந்தத் தகட்டைப் போடுவார்கள். தகட்டைக் காரின் உடம்போடு பிடிப்பது மூன்று நட்டு. நகரும் பகுதியை இறுக்குவது, அவன் வாங்கியதில், நான்கு போல்ட்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி இல்லாமல் ஸ்ரட்டின் நடு நட்டில் கை வைக்கக்கூடாது. அமுங்கியிருக்கிற ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும். அந்த வேலையைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தோம். மிச்சத்தை எங்கள் கராஜில் அவனே செய்தான்.

பிறகு ஒரு மாலை. என் கார் திருத்தத்துக்குப் போயிருந்ததால் அவனுடையதை எடுத்துக்கொண்டு மனைவியோடு வானொலி நிலையத்துக்குப் புறப்பட்டேன். வேகத்தடை ஒவ்வொன்றிலும் வலப்பக்கம் 'டொக்' என்றது. பிரேக் பிடித்தால் கார் ஒருபக்கம் இழுத்தது. எண்பது கிலோமீற்றர் வேகத்தில் போகும் தெருவுக்கு ஏறாமல் அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கோபமாகத்தான் பொனற்றைத் திறந்தேன். மேலே மூன்று நட்டும் சரி. நான்கு போல்ட்டில் இரண்டு மட்டும் இறுகியிருந்தன, மற்ற இரண்டும் விரலால் சுழன்றன. தகடு இரண்டு கோடு நகர்ந்திருந்தது. மகன் கனநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்: "அப்பா, அந்த நேரம் நீங்கள்தான் சாப்பிடக் கூப்பிட்டீங்கள்."

உண்மை. இரண்டு தரம் கூப்பிட்டேன், இரண்டாம் தரம் சத்தமாக.

முப்பது வருடமாக நான் வவுச்சர் சரிபார்க்கிறவன். நடுவில் ரெலிபோன் அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கமாட்டேன், தலையிலிருந்து திரும்பத் தொடங்குவேன். இதை அலுவலகத்தில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், வீட்டில் சொல்லவில்லை.

அன்றிரவே இருவரும் திரும்ப இறுக்கினோம். முதலில் காரை ஜாக்கில் உயர்த்தித் தாங்கியில் இருத்தி, தகட்டை இரண்டு பக்கமும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தோம். நான்கு போல்ட்டையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, தகட்டோடு வந்த தாளில் சொன்ன அளவுக்கு இறுக்கினோம். மேல் நட்டுக்கு அவன் காரில் அளவு 20 நியூட்டன் மீற்றர்தான். மெல்லிய போல்ட், ஆவேசமாக இறுக்கினால் முறிந்துவிடும். எங்கள் ரோர்க் ரெஞ்சில் இரண்டு அளவுகோல் இருந்தன. அடி இறாத்தல் பக்கத்தில் 20 வைத்தால் அது 27 நியூட்டன் மீற்றர். கனடா டொலரையும் அமெரிக்க டொலரையும் மாற்றாமல் கூட்டினதுபோல. சில்லு நட்டுக்கு வாங்கிய பெரிய ரெஞ்ச் இதற்கு உதவாது, கீழ் அளவுகளில் அது சரியாகச் சொல்லாது. சின்னது ஒன்று கடன் வாங்கினோம்.

'கிளிக்' என்று கேட்ட பிறகுதான் நட்டிலும் தகட்டிலும் சேர்ந்தாற்போல ஒரு மஞ்சள் கோடு. கோடு இல்லாவிட்டால் இறுக்கவில்லை என்று அர்த்தம். பிறகு நகர்ந்தாலும் கோடு பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கம்பரை மாற்றினால் சில்லுகள் முன்னோக்கி நிற்கும் கோணமும் மாறும். அதை விட்டால் புது ரயரும் சீக்கிரம் தேய்ந்துபோகும். அடுத்த நாளே அலைன்மென்ற் செய்வித்தோம். காப்புறுதிக்காரருக்கும் அறிவித்தோம், அது கணக்காளன் புத்தி. ஸ்காபரோவில் மாரிகாலத்தில் தெருவுக்குப் போடும் உப்பு தகட்டின் பெயரிங்கைத் தின்னும் என்பதால் பனிக்கு முன் கழற்றிவிடுவான்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் கார் ஓட்டினவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அப்போது கார் வைத்திருந்த ஒவ்வொருவரும் அரை மெக்கானிக். நான் அதில் ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை, புத்தகத்தோடு இருந்துவிட்டேன். ஐம்பது வயதுக்கு மேல் மகனிடம் ஸ்பனர் பிடிக்கப் பழகுகிறேன்.

நூறு கிலோமீற்றர் ஓடியபின் ஒவ்வொன்றையும் திரும்பப் பார்க்கவேண்டும். போன ஞாயிறு பார்த்தோம். ஐந்தாவது நட்டில் நிற்கும்போது மனைவி சாப்பிட வரச்சொல்லிக் குரல் கொடுத்தா. "முடியட்டும்" என்று இருவரும் ஒன்றாகச் சொன்னோம்.

அடுத்த மாதம் வழமைபோல வரிக் கணக்கோடு சந்திக்கிறேன்.