மழை நின்ற பிறகு

குரல் கேட்கிறதா? சரி. மிங்கலாடோனில் இப்போது இரவு எட்டரை. இன்வெர்ட்டரை நம்பித்தான் பேசுகிறேன். நடுவில் காணாமல் போனால் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள், வந்துவிடுவேன்.

நர்ஸ் என்பதால் மருத்துவமனைக் கதை எதிர்பார்த்திருப்பீர்கள். நான் ஒரு கோல்ஃப் ஆட்டக்காரரைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்த மட்டையை நான் ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனால் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள எங்கள் பக்கத்தில் கோல்ஃப் மைதானங்களுக்குக் குறைவில்லை. காலை டூட்டிக்குப் போகும்போது, கன்னத்தில் தனக்கா பூசிய பெண்கள் கூட்டமாக மைதான வேலைக்குப் போவதைப் பார்ப்பேன். ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் வேலை. அதற்குக் 'கேடி' என்று பெயர். என் தாய்மாமா எண்பதுகளில் இங்கே கேடியாக இருந்தார் என்று சொன்னால் திருச்சி உறவினர்கள் இன்னும் சிரிப்பார்கள்.

நான் சொல்ல வந்தவரும் கேடிதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சேர்ந்த பாப்வா செவ்கோலம். பதிவுகளில் உள்ள பெயர் செவ்சங்கர். நம் வாயில் அது சிவசங்கர். பெயரை எழுதுகிறவன் காதில் விழுந்ததுதான் பெயர் என்பது பர்மாத் தமிழருக்கும் தெரிந்த சங்கதி. அவர் தமிழர் அல்ல, ஆனால் நம்மவர்களும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன நட்டாலில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. சிறுவயதில் மரக்கிளையை வெட்டி மட்டையாக்கி அடித்துப் பழகினார். சொல்லித்தர ஆளில்லை. வலதுகைக்காரர்கள் இடதுகையை மேலே, வலதுகையைக் கீழே வைத்துப் பிடிப்பார்கள். இவர் தலைகீழாகப் பிடித்தார். அந்தப் பிடியோடுதான் 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓபனை வென்றார். முதல் முறை அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போனவர் கிரஹாம் வுல்ஃப். முகத்துக்குப் பூசும் 'ஓலே' எண்ணெயை உருவாக்கிய அதே வேதியியலாளர்.

இனி எல்லோரும் சொல்லும் இடம். 1963, டர்பன் கன்ட்ரி கிளப், நட்டால் ஓபன். வெள்ளையர்களுக்கு நடுவே ஆடி ஜெயித்தார். மழை பெய்தது. வெள்ளையரல்லாதவர் கிளப் கட்டடத்துக்குள் நுழையக்கூடாது என்பதால், ஜெயித்தவர் வெளியே நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. நிறவெறி நாட்டோடு விளையாடலாமா என்ற கேள்விக்கு அந்தப் படமும் வலு சேர்த்தது.

இவரை வைத்து ஒரு சிறுகதை எழுதப் பல வருடமாக முயல்கிறேன். ஒவ்வொரு முறையும் மழையில் போய் மாட்டிக்கொள்கிறேன். மழை எழுத்தாளருக்கு மிக வசதி, அழுவதற்கு இடம் தயாராக இருக்கிறது. ஆனால் அவருக்கு நடந்த பெரிய கொடுமை அதுவல்ல என்று இப்போது நினைக்கிறேன். அன்று அவர் நனைந்தார், சரி. ஆனால் அன்று அவர் ஆடினார், ஜெயித்தார். 1965இல் அதே நட்டால் ஓபனில் கேரி பிளேயரையே தோற்கடித்தார். அந்த வருடம்தான் பிளேயர் அமெரிக்க ஓபனையும் வென்று, உலகின் நான்கு பெரிய பட்டங்களையும் பெற்றவரானார். அப்பேர்ப்பட்டவரை வென்ற பிறகு அரசாங்கம் செவ்கோலத்தை வெள்ளையரின் போட்டிகளில் சேர்க்கவில்லை. பார்வையாளராகக்கூட வரக்கூடாது என்றது. பாஸ்போர்ட்டும் போயிற்று. அதற்கெல்லாம் புகைப்படம் கிடையாது. அலுவலகத்தில் ஒரு காகிதம் திரும்பி வராமல் போவதை எந்தக் கேமராவால் எடுக்க முடியும்?

என் மாமா இங்கேயே பிறந்தவர். ஆனாலும் அவரிடம் இருந்தது எஃப்.ஆர்.சி., வெளிநாட்டவர் பதிவுச் சீட்டு. வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பை தூக்கித் தூக்கியே நன்றாக அடிக்கக் கற்றுக்கொண்டார். விளையாட வந்த ஒருவர் சிங்கப்பூரில் பயிற்சியாளர் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார். பாஸ்போர்ட்டுக்கு மூன்று வருடம் அலைந்தார். "இல்லை" என்று யாரும் சொல்லவில்லை. "அடுத்த வாரம் வா" என்றார்கள். சிங்கப்பூர்க்காரர் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டார். மாமா மைதானத்துக்குப் போவதை நிறுத்தினார். நான் டிப்ளமோ முடித்து வந்தபோது, முதலில் பிரஷர் பார்த்தது அவருக்குத்தான். நூற்றெண்பது இருந்தது. கையைப் பிடித்தேன். உள்ளங்கைக் காய்ப்பெல்லாம் கரைந்து குழந்தையின் கைபோல இருந்தது. "மாமா, கை மெத்தென்று ஆகிவிட்டதே" என்றேன். "வேலை இல்லாத கை வேறெப்படி இருக்கும், தாயி?" என்றார்.

செவ்கோலம் 1978இல் மாரடைப்பில் இறந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அவர் கையை யாராவது அப்படிப் பிடித்துப் பார்த்தார்களா என்று எனக்குத் தோன்றும். இன்று டர்பனில் ஒரு மைதானத்துக்கே அவர் பெயர். இறந்த பிறகு அரசாங்க விருதும் கொடுத்தார்கள்.

இன்னொன்று. எங்கள் லைங் ஆற்றுக்கு அக்கரையில் புன்லைங் மைதானம் இருக்கிறது. அதை வடிவமைத்தவர் கேரி பிளேயர். 2016இல் இங்கே ராயல் மிங்கலாடோன் மைதானத்தில் நடந்த மியான்மர் ஓபனை ஜெயித்தவரும் தென்னாப்பிரிக்கர்தான், ஷான் நோரிஸ். அந்த வாரம் எனக்கு நைட் டூட்டி. காலையில் வீடு திரும்பும்போது வேலிக்கு வெளியே, ஆட்டம் பார்க்க நின்ற கூட்டத்தோடு நானும் கொஞ்ச நேரம் நின்றேன். மாமா இருந்திருந்தால் யார் மட்டையை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று சொல்லியிருப்பார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கதையை இனி அந்தப் பாஸ்போர்ட் அலுவலக வரிசையில் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். கரண்ட் இன்னும் இருக்கிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.