வேருக்குள் ஊற்றும் மருந்து

ரூட் கெனால் செய்துகொள்ளப் போகிறவர்கள் எந்தக் கேப் போடுவது, எத்தனை முறை வரவேண்டும் என்றே விசாரிக்கிறார்கள். வேருக்குள் இருக்கும் கிருமியை எதைக்கொண்டு அழிப்பீர்கள் என்று கேட்பவர் அரிது. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். 1965இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், கிருமியே அண்டாமல் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்துத் திறந்துவிட்டார்கள். உள்ளிருந்த பற்கூழ் சாகவில்லை. சாதாரண எலிகளுக்கோ அழுகிச் சீழ் கட்டியது. பல்லின் வேரைக் கெடுப்பது கிருமிதான் என்பது அதில் உறுதியானது. வேர்க்குழாய் கிளை பிரிந்தும் இடுக்கு விட்டும் ஓடுவதால், ஃபைல் என்னும் மெல்லிய அரம் அதன் சுவர் முழுவதையும் தொடுவதில்லை. மிச்ச இடத்துக்குத் திரவ மருந்துதான் போயாக வேண்டும்.

எந்த மருந்து? தாம்பரத்துக்குப் பக்கத்தில், பள்ளிக்கரணை ஸ்ரீ பாலாஜி பல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல வெளிச்சம் தருகிறது. பிடுங்கிய பற்களில் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பிடிவாதமான கிருமியைப் படலமாக வளர்த்து, திரிபலா, பச்சைத் தேயிலைச் சத்து, எம்டேட் என்ற ஆன்டிபயாட்டிக் கலவை, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். மூன்று வாரப் படலத்தில் திரிபலாவும் கிருமி வளர்ச்சியை முழுமையாக அடக்கியது, நாம் பெருமைப்படலாம். ஆறு வாரம் முற்றிய படலத்தை முழுமையாக அடக்கியது ஹைப்போகுளோரைட் மட்டுமே. செத்த திசுவைக் கரைக்கும் குணமும் அதற்கு உண்டு. வேர்க்குழாயைக் கழுவப் பயன்படும் இன்னொரு கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடினுக்கு அது கிடையாது. மாத்திரை போட்டே மாதக்கணக்கில் வலியைத் தள்ளிப்போடும் நமக்கு, முற்றிய படலத்தின் முடிவுதான் முக்கியம்.

ஆய்வகத்தில் நடந்தது வாய்க்குள் அப்படியே நடக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சந்தேகம் திரிபலாவை மேலும் சோதிக்கச் சொல்கிறதே தவிர, பல பத்தாண்டுகளாக உலகெங்கும் மருத்துவர்கள் கையாண்டுவரும் மருந்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஹைப்போகுளோரைட் வேர் நுனியைத் தாண்டிவிட்டால் கடும் வலியும் வீக்கமும் வரும் என்பதும் உண்மை. பக்கவாட்டில் துளையுள்ள ஊசியும், அழுத்தாமல் மெல்லச் செலுத்தும் பொறுமையும் அதைப் பெரும்பாலும் தடுக்கும். லேசரோ, அல்ட்ராசோனிக் கருவியோ இந்த மருந்துக்குத் துணை நிற்கலாம், அதற்கு மாற்றாகிவிடவில்லை. லேசர் என்ற சொல்லுக்காகவே கூடுதல் பணம் கட்ட வேண்டாம். அதற்குப் பதிலாக, எச்சில் உள்ளே போகாமலும் மருந்து தொண்டைக்கு இறங்காமலும் காக்கும் ரப்பர் ஷீட்டைப் பல்லைச் சுற்றி மாட்டுவீர்களா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.