கொடையும் கோரிக்கையும்

 

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் நிதியைப் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். எண்களை அடுக்கிக் களைப்பூட்டுவோம் என்று அஞ்ச வேண்டா. சமுதாயத் தொண்டு நிறுவனம் ஒன்று யாரிடம் பணம் பெறுகிறது, யாரிடம் வாதாடுகிறது என்னும் இரண்டு வினாக்களையும் இணைத்தே எண்ணிப் பார்க்க விழைகிறோம். இவ்விரண்டையும் பிரித்ததனால் நம் முன்னோர் இழந்தது சிறிதன்று.

நம் ஸ்ரீபெரும்புதூர் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் வரலாற்றையே பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்குத் தொண்டாற்றிய ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரு, பள்ளி நடத்தியதோடு நில்லாது, நம் மக்களுக்கு நிலமும் மனையும் வேண்டும் என்று அரசுக்கு எழுதினார். மெல்ரோசாபுரம் என்னும் வேளாண் குடியிருப்பையும் உருவாக்கினார். 1891இல் மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்ஹீர், உழுதவனுக்கு நிலமில்லை, குடியிருந்தவனுக்கு அக்குடிசை நின்ற மண்ணும் சொந்தமில்லை என்னும் நிலையைத் தம் அறிக்கையில் எடுத்துரைத்தார். அதன் பயனாக 1892இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு வித்தாயிற்று. பத்தாண்டுகள் விற்கலாகாது, அதன் பின்னரும் நம் மக்களுக்கன்றிப் பிறருக்கு விற்கலாகாது என்பது அந்நிலங்களின் நிபந்தனை.

ஆனால் நடந்தது என்ன? ஆணை இருந்தது, அதனைப் படித்துக் காக்கும் அமைப்பு ஊர்தோறும் இல்லை. நிலங்கள் கைமாறின. 1994 அக்டோபரில், காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மீது செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். நூறாண்டுகளுக்கு முன் காகிதத்தில் பெற்றதைக் காப்பதற்கு உயிரையே விலையாகத் தர நேர்ந்தது.

பிறர் நமக்காக எழுதிய காலத்திலேயே, நமக்காக நாமே எழுதவும் தொடங்கினோம். இம்மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1891இல் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் ஆகியவை எல்லாருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறச் செய்தார். சங்கமும் இதழும் உழுத நிலத்தில் விளைந்த விளைச்சல் அது.

இனி நம் காலத்திற்கு வருவோம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் எனச் சிப்காட் வளாகங்கள் பெருகின. நம் கழகமும் ஆலைகளோடு ஆலையாக இம்மண்ணில் வளர்ந்தது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, வரையறைக்கு உட்பட்ட நிறுவனங்கள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றும், தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் கூறுகிறது. இதுவே சி.எஸ்.ஆர். நிதி. ஆயினும் எந்த ஊருக்கு, எந்தப் பணிக்கு என்பதை முடிவு செய்வது நிறுவனமே. நாம் திட்டம் தரலாம்; இது எம் உரிமை என்று வழக்காட இயலாது. மேலும், கொடுப்பவர் என்றும் இங்கேயே இருப்பார் என்பதும் உறுதியன்று. 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் உற்பத்தியை நிறுத்தியதை நாம் கண்ணாரக் கண்டோம்.

ஓராண்டு நிகழ்ந்ததை ஈண்டு மறைக்காமல் சொல்லுகிறோம். ஒரு நிறுவனம் நம் பிள்ளைகளுக்குப் புத்தகப் பைகள் வழங்கியது. மேடை போட்டோம், நிழற்படம் எடுத்துக்கொண்டோம். அதே வாரம் நம் சேரி மாணவி ஒருத்தி, உதவித்தொகை வராததால் கட்டணம் செலுத்த இயலவில்லை, கல்லூரி சான்றிதழைத் தர மறுக்கிறது என்று கண்ணீரோடு வந்து நின்றாள். பைகளுக்கு நன்றி கூறிய வாய் அப்போது பேச்சற்றுப் போயிற்று. உறுப்பினர் சந்தாவிலிருந்து கடன் கொடுத்து அவள் சான்றிதழை மீட்டோம். ஆனால் சந்தாப் பணம் ஒருத்திக்கே போதுமானதாயிருந்தது. ஆகவே ஊர் ஊராகச் சென்று, தொகை வராத மாணவர் அனைவரின் விண்ணப்ப எண்ணையும் தொகுத்து, ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் மனுவாக அளித்தோம். பதில் வராதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வினவினோம். நான்கு திங்களில் தொகை வந்தது. நம்மை நாடி வாராத பிள்ளைகளுக்கும் வந்தது. அந்த மாணவி கடனைத் திருப்பித் தந்தாள். அப்பணம் மற்றொருவருக்குக் கைகொடுத்தது.

கொடை, ஒருவரின் இன்றைய இடரைத் தீர்க்கிறது. கோரிக்கை, பலரின் நாளைய இடரைத் தடுக்கிறது. கையில் பணமில்லாக் கழகம் மனுவின் முடிவு வரும்வரை மாணவியைக் காக்க இயலாது. மனு எழுதாக் கழகமோ ஆண்டுதோறும் அதே இடருக்கே கடன் கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஆதலின் இளைஞர்களே, எதனைக் கொடையாகக் கேட்பது, எதனை உரிமையாகக் கேட்பது என்று பிரித்தறியுங்கள். நூலகத்திற்கு அலமாரியும் மாலை வகுப்பிற்குக் கணினியும் ஆலைகளிடம் கேட்கலாம். ஆனால் 1961ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டம் பட்டியல் இனத்தாருக்குப் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. அதனைக் கேட்கும்போது தலைகுனிந்து நிற்க வேண்டுவதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பட்டியல் இனத்தார் 20.01 விழுக்காடு. அவ்விகிதத்திற்கேற்ப அரசின் திட்ட நிதியை ஒதுக்குவதற்கு 2024இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. அந்நிதி நம் ஊர்ப் பள்ளிக்கும் விடுதிக்கும் வந்ததா என்று கேட்பது இரப்பன்று, குடிமக்களின் கடமை.

கேட்கும் வாய்க்குத் தகுதி வேண்டும். கணக்கு ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பெற்று உறுப்பினர் முன் வைக்கப்பட வேண்டும். பதிவு புதுப்பிக்கப்பட வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, சந்தா சிறிதாயினும் தவறாது வர வேண்டும். நம் சொந்தப் பணத்தில் நிற்கும் கழகமே எவரிடமும் அஞ்சாது பேசும்.

அடுத்த இருபத்தைந்தாண்டுகள் உங்களுடையவை. நன்கொடைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை நாங்கள் உங்கள் கையில் ஒப்படைக்கிறோம். அதனோடு மனுக்களின் நகல் கோப்பையும் சேர்த்தே ஒப்படைக்கிறோம். ஒன்றைப் பெற்று மற்றொன்றை வைத்துவிட்டுச் செல்லாதீர்கள்.