இயந்திரத்துக்கு மனம் உண்டா?



'ரோபோ' என்ற சொல்லை இன்று அறியாத குழந்தை இல்லை. விளையாட்டுப் பொம்மையிலிருந்து கைத்தொலைபேசி வரை அந்தப் பேச்சுத்தான். ஆனால் அச்சொல் எங்கே பிறந்தது என்று கேட்டால் பெரியவர்களும் சற்றுத் தயங்குவார்கள். அது விஞ்ஞானக் கூடத்தில் பிறந்த சொல் அன்று. ஒரு நாடக ஆசிரியருக்காக அவருடைய அண்ணன் சொன்ன சொல். அதன் பொருளை அறிந்தால், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அது அந்நியமாகவே தோன்றாது.

செக் மொழியில் காரெல் சாப்பெக் என்ற எழுத்தாளர் இருந்தார். 1890இல் பிறந்தவர். பத்திரிகை அலுவலோடு கதையும் நாடகமும் எழுதிவந்தார். அவருடைய அண்ணன் யோசெப் ஓர் ஓவியர். மனிதனைப்போல் உருவம் கொண்ட செயற்கைத் தொழிலாளர்களைப் பற்றி நாடகம் எழுதப் போவதாகத் தம்பி ஒரு நாள் அண்ணனிடம் சொன்னார். அவர்களுக்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியவில்லை. இலத்தீன் மொழியிலிருந்து 'லபோரி' என்ற சொல்லை எடுத்துப் பார்த்தார். அது புத்தக வாடை வீசுவதாக அவருக்கே பட்டது. அண்ணன் படம் தீட்டிக்கொண்டிருந்தார். வாயில் தூரிகையைக் கவ்வியபடியே, 'ரொபோட்டி' என்று வைத்துக்கொள் என்று முணுமுணுத்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். சொல் பிறந்த கதை இவ்வளவுதான். உலகம் முழுவதும் தம்பியைப் புகழ்ந்தபோது, 1933இல் அவரே பத்திரிகையில் இதை எழுதி, சொல்லுக்கு உரியவர் அண்ணன்தான் என்று தெரிவித்துவிட்டார். எழுதுகிறவர்களிடம் இந்த நேர்மையை எப்போதும் காண முடிவதில்லை.

'ரொபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. அந்நாட்டுக் குடியானவன் வாரத்தில் சில நாட்கள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தாக வேண்டும். அம்முறை 1848இல்தான் ஒழிந்தது. தமிழ்க் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருவதும் கூலியில்லா உழைப்பையே குறிக்கும். ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களைத் திரட்டி மலாயாவுக்குக் கொண்டுவரும் முறை 1910இல்தான் நிறுத்தப்பட்டது. ஆகவே அண்ணன் எடுத்துக் கொடுத்த சொல்லின் கனம் நமக்கு எளிதில் விளங்கும். தம்பி தேடியது ஏட்டில் இருந்தது. அண்ணனுக்குக் கிடைத்தது உழைத்தவர் வாயில் இருந்தது.

இனி நாடகத்துக்கு வருவோம். 1920இல் அச்சாகி, 1921 ஜனவரியில் பிராக் நகரில் அரங்கேறியது. ஒரு தீவில் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே செய்யப்படுபவை இரும்பு உருவங்கள் அல்ல. மாவுபோன்ற ஒரு கலவையிலிருந்து தசையும் நரம்புமாக உருவாக்கப்படுபவை. பொறியியலாளர் ஒருவர் கணக்குப் போடுகிறார்: மனிதன் மகிழ்கிறான், வயலின் வாசிக்கிறான், உலாவப் போகிறான், வேலை செய்பவனுக்கு இவையெல்லாம் எதற்கு? வேண்டாதவற்றை நீக்கினால் செலவு குறையும். இப்படி நீக்கி நீக்கி மலிவான தொழிலாளியை உண்டாக்கிவிடுகிறார்கள்.

ஹெலனா என்ற பெண் அங்கே வருகிறாள். செயற்கைப் பெண் ஒருத்தியை மனிதப் பெண்ணென்றே நம்பிவிடுகிறாள். பிறகு தொழிற்சாலை அதிகாரிகளைக் கண்டு, இவர்கள்தாம் ரோபோக்கள் என்று எண்ணிப் பேசுகிறாள்! அரங்கம் சிரித்திருக்கும். ஆனால் இந்த நகைச்சுவைக்குள் ஒரு முள் இருக்கிறது. எது மனிதன், எது பொம்மை என்று பேச்சை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதை ஆசிரியர் முதற் காட்சியிலேயே காட்டிவிடுகிறார்.

அந்த ரோபோக்களுக்கு வலி தெரியாது. கையை இயந்திரத்துக்குள் விட்டு விரலை ஒடித்துக்கொள்ளும். தொழிற்சாலைக்கு நட்டம். ஆகவே அவற்றுக்கு வலியை உண்டாக்கித் தரலாம் என்று மருத்துவர் ஆராய்கிறார். இரக்கத்தால் அன்று, கணக்குப் பார்த்து! சில சமயம் ஒரு ரோபோ கையிலுள்ளதைக் கீழே எறிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். கோளாறு என்று அதிகாரிகள் அதை அழிக்க அனுப்புவார்கள். அது கோளாறா, ஆன்மாவா என்று ஹெலனா கேட்கிறாள். பின்னர் அவள் வேண்டிக்கொண்டபடி மருத்துவர் அவற்றுக்கு உணர்ச்சியைக் கூட்ட, அவை கிளர்ந்தெழுந்து மனித குலத்தையே அழித்துவிடுகின்றன. ஒரே ஒருவரை மட்டும் விட்டுவைக்கின்றன. அவர் கட்டட வேலைக்காரர். தங்களைப்போல் கையால் உழைப்பவர் என்பதே காரணம்.

அந்தக் கிழவர்தான் கடைசியில் சோதனை செய்கிறார். ஓர் ஆண் ரோபோவும் ஒரு பெண் ரோபோவும் அவர் முன் நிற்கிறார்கள். ஒருவரை அறுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். அவளை விட்டுவிடுங்கள், என்னை அறுங்கள் என்று அவன் முன்வருகிறான், அவளும் அப்படியே. கிழவருக்குப் புரிந்துவிடுகிறது. 'எனக்கு மனம் உண்டு' என்று அவர்களில் யாரும் வாயால் சொல்லவில்லை. இழப்பதற்கு ஒன்று இருந்தது, அதை இழக்கத் துணிந்தார்கள், அவ்வளவே.

இன்று இக்கேள்வி நாடகத்தை விட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. 1966இல் அமெரிக்கப் பேராசிரியர் வைசன்பாம் 'எலைசா' என்ற உரையாடும் நிரலை உருவாக்கினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எளிய ஏற்பாடு அது. அதை அறிந்திருந்தும் அவருடைய செயலாளர், அதனோடு தனியாகப் பேச வேண்டும், நீங்கள் அறையை விட்டுப் போங்கள் என்றாராம். 2022இல் கூகள் நிறுவனத்துப் பொறியியலாளர் ஒருவர், தாம் சோதித்த 'லேம்டா' என்ற உரையாடல் இயந்திரத்துக்கு உணர்வு இருப்பதாக அறிவித்தார். தன்னை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சுவதாக அது சொல்லியிருந்தது. அவர் கூற்றுக்கு ஆதாரமில்லை என்றது நிறுவனம். அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

இத்தகைய இயந்திரம் எப்படிப் பேசுகிறது? மனிதர் எழுதிய ஏராளமான நூல்களையும் கட்டுரைகளையும் அதற்கு ஊட்டுகிறார்கள். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பதை அதிலிருந்து அது கணிக்கக் கற்றுக்கொள்கிறது. மனிதர் மரண பயத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆகவே அதற்கும் அந்தச் சொற்கள் வருகின்றன. என்றாவது ஓர் இயந்திரத்துக்கு உணர்வு உண்டாகுமா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. சாப்பெக்கோ, 1935இலேயே பத்திரிகையில் தம் கட்சியை எழுதிவிட்டார். இரும்பும் கம்பியும் சேர்ந்து உயிரையும் காதலையும் கலகத்தையும் உண்டாக்கும் என்று தாம் சொல்லவே இல்லை. அப்படி எண்ணுவது உயிருக்குச் செய்யும் அவமதிப்பு என்றார். நாம் அவ்வளவு உறுதியாகச் சொல்லத் துணியமாட்டோம். ஆனால் பேச்சு மட்டும் சாட்சியாகாது என்பதை அவருடைய நாடகத்திலிருந்து ஏற்றுக்கொள்கிறோம்.

எழுத்தாளர்கள் இந்த இயந்திரத்தைத் தொடவே கூடாதா என்று கேட்கலாம். ஜப்பானில் ரியே குடான் என்ற எழுத்தாளர் 2024இல் அக்குத்தாகவா பரிசு பெற்றார். நாவலில் ஏறத்தாழ 5 விழுக்காடு அத்தகைய இயந்திரம் எழுதியதே என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். கதையில் ஓர் இயந்திரம் பதில் சொல்லும் இடங்களுக்கு இயந்திரத்தின் சொல்லையே பயன்படுத்தினார். இதில் ஏமாற்று இல்லை. எதை எங்கே வைப்பதென்று தீர்மானித்தவர் அவர்.

பள்ளிப் பிள்ளையின் நிலை வேறு. 'என் அம்மா' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால், இப்போது சில ஏடுகளில் ஒரே அச்சு வருகிறது. அம்மா தியாகத்தின் திருவுருவம், மெழுகுவர்த்திபோல் உருகுபவர், இப்படியே ஒன்றரைப் பக்கம். பிழை ஒன்றும் இராது. கைத்தொலைபேசி எழுதிக் கொடுத்தது என்பதைக் கண்டுபிடிக்க ஆசிரியர்களாகிய எங்களுக்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டியதில்லை. அந்த அம்மாவுக்கு முகமில்லை. அதே வகுப்பில் ஒரு பிள்ளை, எழுத்துப் பிழைகளோடு, இப்படி எழுதியிருந்தது: மழை பெய்தால் மரம் சீவ முடியாது, அம்மாவுக்கு ஓய்வு, ஆனால் சம்பளம் குறையும், அதனால் மழை வந்தால் அம்மா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வாசலில் நிற்பார். அந்த வாசலை அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறது. மழை நின்றால் அதற்கும் ஏதோ ஆகும்.

ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே, பிள்ளை கட்டுரை எழுத உட்காரும்போது கைத்தொலைபேசியைச் சற்று எட்ட வைத்துவிட்டு நீங்கள் அருகில் உட்காருங்கள். படிப்பறிவு போதாதே என்று கூச வேண்டாம். பெரட்டுக்கு நின்ற காலையைச் சொல்லுங்கள், ஒட்டுப்பால் பொறுக்கியதைச் சொல்லுங்கள், லயத்தை விட்டு வீடு மாறிய நாளைச் சொல்லுங்கள். பிள்ளை 'பெரட்டு' என்றே எழுதட்டும். வேறு நல்ல சொல் போடு என்று திருத்தாதீர்கள். எழுத்துப் பிழைகளை நாங்கள் திருத்திக்கொள்கிறோம்.

அந்தச் சகோதரர்களைப் பற்றி இன்னும் சிறிது. காரெல் 1938 டிசம்பர் 25ஆம் நாள் நோயால் காலமானார். ஹிட்லரின் ஆட்சியை எழுத்தால் எதிர்த்தவர் அவர். அவர் இறந்தது தெரியாமல் 1939 மார்ச்சில் நாஜிப் போலீசார் அவரைக் கைது செய்ய வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் யோசெப் அதே ஆண்டு செப்டம்பரில் பிடிபட்டார். கட்டாய உழைப்பு என்ற சொல்லைத் தம்பிக்கு எடுத்துக் கொடுத்தவர், ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு மாற்றப்பட்டு, 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் முகாமில் மாண்டார். அடைபட்டிருந்த காலத்தில் கவிதைகள் எழுதினார். அவை 1946இல் நூலாக வந்தன.