கிணற்றுக்குள் கண்ணாடி வெயில்



எங்கள் திருக்கோவிலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கிணறு இருந்த காலம். மாதத்துக்கு ஒரு தடவையாவது யாராவது குடத்தையோ தோண்டியையோ உள்ளே நழுவ விட்டுவிடுவார்கள். பாதாளக் கரண்டி யார் வீட்டில் இருக்கிறது என்று பிள்ளைகள் தெருத்தெருவாக ஓடுவோம். அதற்குள் ஆயா ஒரு வேலை செய்வார். சுவரில் மாட்டிய முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி வந்து, வெயிலை அதில் வாங்கிக் கிணற்றுக்குள் அடிப்பார். நேராக அடித்தால் தண்ணீரின் மேல்மட்டம்தான் பளபளக்கும். கையைக் கொஞ்சம் சாய்த்து ஓரமாக விட்டால், அடியில் குடத்தின் விளிம்பு கீற்றாக மின்னும். யாராவது அவசரப்பட்டுக் கரண்டியை இறக்கினால், “கலக்காதடா, தெளியட்டும்” என்று ஒரு சத்தம் போடுவார்.

தண்ணீர் நிறைந்த குகைக்குள் முங்கிப் படம் எடுப்பவர்களின் தொழிலில் பாதி, வெளிச்சத்தைச் சாய்த்து அடிப்பது, தண்ணீரைக் கலக்காமல் இருப்பது என்ற இந்த இரண்டில் அடங்கிவிடுகிறது. அதிலும் நான் இன்று சொல்ல வந்தது பனோரமா படம். சுற்றுமுற்றும், தலைக்கு மேலே, காலுக்குக் கீழே எல்லாம் ஒரே படத்தில் வரும். நான் முங்கியவன் அல்ல, எனக்குத் தெரிந்ததெல்லாம் கடப்பாரை நீச்சல். பேரன் தன் போனில் அப்படி ஒரு படத்தைக் காட்டினான். போனைத் தூக்கினால் குகையின் கூரை, திரும்பினால் பின்சுவர். அன்றிலிருந்து இந்தக் கிறுக்கு பிடித்துக்கொண்டது.

முதல் சிக்கல் விளக்கு. மார்கழிப் பனியில் விழுப்புரம் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். ஹைபீம் போட்டால் சாலை தெரியாது, வெள்ளைத் திரைதான் தெரியும். தண்ணீரில் மிதக்கும் தூசியும் அந்தப் பனியைப் போலத்தான். விளக்கு லென்சுக்குப் பக்கத்திலேயே இருந்தால், ஒவ்வொரு தூசியும் மின்னி நேரே லென்சுக்குத் திரும்பி வரும். அதனால் சாதாரணக் கேமராவில் நீண்ட கைகளைப் பூட்டி, விளக்கை இரண்டு பக்கமும் தள்ளி வைக்கிறார்கள். ஆயா கண்ணாடியைச் சாய்த்த கணக்குத்தான்.

பனோரமாவில் அந்த வழி அடைபட்டுப் போகிறது. கேமரா எல்லாப் பக்கமும் பார்க்கிறதே, கையை எங்கே நீட்டினாலும் படத்தில் விழும். ஆளும் விழுவார். மழை இரவில் முதலாழ்வார்கள் மூவரும் நெருக்கியடித்து நின்ற இடைகழி நம் ஊரில்தான். அங்கேயாவது மூவர் நிற்க இடமிருந்தது. இங்கே படமெடுப்பவருக்கு ஒளிந்துகொள்ளக்கூட மூலை கிடையாது.

அதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். பல லென்சுகளை வட்டமாக அடுக்கிய பெட்டி ஒன்று. இதில் லென்சுக்கும் லென்சுக்கும் நடுவே எதன் கண்ணிலும் படாத சிறு இடுக்குகள் இருக்கும், விளக்குகள் அங்கே போய் உட்காரும். வேலை சுருக்காக முடியும், ஆனால் தூசியின் மினுமினுப்பிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது. இன்னொன்று பொறுமைக்காரர் வழி. ஒரே கேமராவை முக்காலியில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் துண்டு துண்டாக எடுப்பது. அது திரும்பத் திரும்ப, விளக்கு பிடிப்பவரும் அதன் முதுகுப் பக்கமாகவே நகர்ந்துகொண்டிருப்பார். எனக்குப் பிடித்தது இதுதான்.

துண்டுகளை ஒட்டுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மறு கண்ணை. விரல் இடம் மாறித் தாவுகிறதா? லென்சு நின்ற இடத்திலேயே சுழலாமல் சற்று விலகினால், பக்கத்துப் பாறையும் அப்படியே தாவும், ஒட்டு தெரிந்துவிடும். இன்னொன்று, லென்சுக்கு முன்னால் தட்டைக் கண்ணாடி இருந்தால் தண்ணீர் ஒளியை வளைத்துப் பார்வையைக் குறுக்கிவிடும். அதனால்தான் அரைக்கோளக் கண்ணாடி போடுகிறார்கள்.

இத்தனை சாமானும் தண்ணீருக்குள் மூழ்கவும் கூடாது, மேலே எழும்பவும் கூடாது. ஈயக் குண்டும் மிதவையும் சேர்த்துச் சேர்த்து, விட்ட இடத்தில் நிற்கும்படி எடையைச் சரிக்கட்ட வேண்டும். கை கனத்தால் உடல் தாழும், உடல் தாழ்ந்தால் துடுப்பு வண்டலைக் கிளப்பும். பிறகு படமும் இல்லை, வழியும் இல்லை. கையில் பட்டிருக்கும் வழிக்கயிறு ஒன்றுதான் வெளியே கொண்டுவரும். ஆளுக்கு மூன்று விளக்கு, உள்ளே போக மூன்றில் ஒரு பங்கு காற்று, திரும்ப ஒரு பங்கு, மீதி ஆபத்துக்கு. படத்துக்காக இந்தக் கணக்கை மீறியவரை நான் கலைஞர் என்று ஒப்பமாட்டேன்.

மெக்சிகோவின் யுகாத்தான் தீபகற்பத்தில் இந்தக் கலைக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. அங்கே சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் தண்ணீர்க் குகைகள் ஓடுகின்றன. இரண்டு பெரிய குகைத் தொடர்கள் ஒன்றுதான் என்று 2018 ஜனவரியில் தெரிந்தபோது மொத்த நீளம் 347 கிலோமீட்டர் ஆயிற்று. இங்கிருந்து மதுரையையும் தாண்டும் தூரம். அந்தப் பகுதியில் 2007இல் அல்பெர்த்தோ நாவா என்ற குகை முங்குபவரும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் ஒரு சுரங்கம் வழியாகப் போய்க்கொண்டிருந்தபோது, திடீரெனத் தரை இல்லாமல் போனது. விளக்கை அடித்தால் எதிர்ச் சுவரும் இல்லை, அடியும் இல்லை. ஓயோ நெக்ரோ என்று பேர் வைத்தார்கள். தமிழில் கருங்குழி. வள்ளலார் தண்ணீரால் விளக்கெரித்ததாகச் சொல்லும் ஊரின் பேர் அங்கே போய் அமைந்ததை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அந்தக் குழியின் அடியில், 12,000 ஆண்டுகளுக்கும் முந்திய ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடந்தது. வயது பதினைந்து, பதினாறு இருக்கும். கடல்மட்டம் தாழ்ந்து, குகையில் தண்ணீர் ஏறாதிருந்த காலத்தில் உள்ளே வந்து விழுந்தவள். நையா என்கிறார்கள். தண்ணீரைக் கலக்காமல், ஆயிரக்கணக்கான படங்களை எடுத்துப் பொருத்தி அந்த இடத்தையே உருவமாக்கி வைத்திருக்கிறார்கள். முங்கத் தெரியாத ஆராய்ச்சியாளரும் மேசையில் உட்கார்ந்து அதை அளக்கலாம்.

இப்போது விளக்குகளின் பலம் ஏறிவிட்டது. அதனாலேயே பல பனோரமாக்கள் கெட்டுப்போகின்றன. எல்லா மூலையிலும் ஒரே சீராக வெளிச்சம் அடித்த குகை, எனக்குக் கல்யாண மண்டபமாகத்தான் தெரிகிறது. கல் தூணுக்குப் பின்னால் ஓர் ஆள் மறைந்து நின்று விளக்கைப் பிடிக்க, தூணின் ஓரம் மட்டும் எரிந்து, அதற்கப்பால் இருட்டு இருட்டாகவே கிடக்கும் படங்களும் உண்டு. அவற்றில்தான் குகையின் ஆழம் தெரிகிறது.

வெளிச்சத்தை ஓரமாக அடிப்பதைப் பழகிப் பார்க்க மெக்சிகோ போக வேண்டாம். நம் ஜம்பையில் சமணர் குகை இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தமிழி எழுத்துக் கல்வெட்டு 1981இல் வெளிச்சத்துக்கு வந்தது அங்கேதான். போகும்போது ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். எழுத்துக்கு நேரே அடிக்காதீர்கள், பாறையை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். வெட்டில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சுண்ணாம்புக் கட்டியால் மட்டும் அதன்மேல் எழுதிப் பார்க்காதீர்கள்.